நான்காவது திருகு

ஏலக்கூடத்துக்கு வந்து போகிறவர்கள் அவரை ‘லென்சு’ என்றார்கள். நேரில் பார்த்தால் ‘லென்சு சார்’, முகம் திரும்பிவிட்டால் வெறும் லென்சு. கழுத்தில் எந்நேரமும் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்று அவர் மனைவியிடமே கேட்டவர்கள் உண்டு. “கழட்டுவாரு. ஆனா சோப்பு எந்த வருஷத்து மாடல்னு பாத்துட்டுத்தான் கழட்டுவாரு” என்பார் அந்த அம்மா. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் ஊரார் பேச்சைக் கேட்டு ஓய்வு பெற்றவர். வாய்க்குப் பஞ்சமே இல்லை.

பழைய வாத்து வேட்டைத் துப்பாக்கியைப் பார்த்து, இது எந்தக் காலத்தில் செய்தது, எந்த வகை என்று சொல்வது லென்சின் தொழில். இப்படியும் ஒரு பிழைப்பா என்று கேட்டால், இருக்கிறது. தண்ணீர்ப் பறவை உயரத்தில் பறக்கும், லேசில் கிட்டத்தில் வராது. அதற்கென்றே குழலை நீளமாகவும் உடம்பைக் கனமாகவும் வைத்து அந்தக் காலத்தில் தனியாகத் துப்பாக்கி செய்தார்கள். ஒரே மாடலைப் பத்துப் பதினைந்து வருஷம் செய்வார்கள். நடுவில் ஓசைப்படாமல் எதையாவது மாற்றிவிடுவார்கள். ஒரு வருஷம் தோட்டா நுழையும் அறை கால் அங்குலம் நீளும். இன்னொரு வருஷம் கைப்பிடியின் வளைவு மாறும். ஊரில் யாருக்கும் அது ஒரு பொருட்டில்லை. சேகரிக்கிறவர்களுக்கோ அதுதான் உயிர். மூன்றாம் வகை வேண்டும் என்று அலைகிற மனிதரிடம் இரண்டாம் வகையை நீட்டிப் பாருங்கள், செருப்பு மாறிப்போனவர் போல முகம் சுருங்கிவிடும்.

அவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. பழைய துப்பாக்கியின் திருகுகள் கை படாமல் இருக்க வேண்டும். திருகுத் தலையின் வெட்டில் மயிரிழை அளவு கீறல் விழுந்தாலும் யாரோ உள்ளே நோண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், மதிப்பு பாதியாகப் போய்விடும். ஆகவே பார்க்க வருகிறவர் திறந்து பார்ப்பதில்லை. லென்சு இந்த வழக்கத்தை ஒரு படி மேலே ஏற்றித் தன் பெருமையாக ஆக்கிக்கொண்டார். “திருப்புளி எடுக்குறவன் மெக்கானிக்கு. நான் பாத்தே சொல்லுவேன்” என்பார். தலைக்கனம்தான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவர் சொன்னது தப்பியதில்லை. தப்பியதில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

அவருடைய பேரும் புகழும் முக்கியமாக ஒரே கம்பெனியால் வந்தவை. அந்தக் கம்பெனி மூடி எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. குழலின் மேல் ஒரு நாணல் தண்டு முத்திரை இருக்கும், அதனால் ‘நாணல் மார்க்’ என்பார்கள். நாணல் மார்க் துப்பாக்கியில் நான்கு வகை என்று பிரித்து, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரைக்கும் எந்த வகை என்று அறுபத்து நான்கு பக்கத்தில் லென்சு ஒரு புத்தகம் போட்டார். சேகரிப்பவர்கள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏலத்துக்கு வந்தார்கள். தகராறு என்றால் புத்தகத்தைப் பிரிப்பார்கள். புத்தகத்தில் தகராறு என்றால் லென்சிடம் வருவார்கள். அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது.

மழை விட்ட ஒரு காலையில் ஏலக்காரர் ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு லென்சின் மேசைக்கு வந்தார்.

“சார், இது ஏலத்துக்கு ஆகாது. வெள்ளத்துல முங்குன வீட்டுல கெடந்துச்சாம். உதிரிக்காவது ஆகுமான்னு ஒரு பார்வ பாருங்க.”

சாக்குக்குள் இருந்தது ஒரு நாணல் மார்க். இருந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தோளில் வைக்கிற கட்டை உளுத்து நாராகியிருந்தது, குழல் இரண்டும் துரு. பக்கத் தகடு ஒன்று கழன்று தனியே கிடந்தது.

இந்தப் பக்கத் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. துப்பாக்கியின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்கு ஒவ்வொரு தகடு. அதன் உள்புறத்தில்தான் வெடிக்க வைக்கிற வேலையெல்லாம் நடக்கும். குதிரை என்று ஒரு சின்னச் சுத்தியல், அதைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு கொக்கி. விசையை அழுத்தினால் கொக்கி நழுவும், குதிரை பாயும், தோட்டா வெடிக்கும். நாணல் மார்க்கின் இரண்டாம் வகையில் இருந்தது இந்த ஒரே கொக்கிதான். அது தேய்ந்திருந்து, துப்பாக்கி எங்காவது இடித்தால், விசையைத் தொடாமலே நழுவ வாய்ப்புண்டு. அப்படிச் சிலர் அடிபட்டதும் கம்பெனி விழித்துக்கொண்டு மூன்றாம் வகையில் இன்னொரு கொக்கியைச் சேர்த்தது. முதல் கொக்கி அதிர்ச்சியில் நழுவினாலும் இரண்டாவது பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டாவது கொக்கியைத் தாங்கும் திருகின் தலை வெளியே தெரியும். ஆக இரண்டாம் வகையின் தகட்டில் மூன்று திருகு, செதுக்கலில் இரண்டு வாத்து. மூன்றாம் வகையில் நான்கு திருகு, மூன்று வாத்து. எண்ணத் தெரிந்தால் போதும், அதற்கு லென்சு எதற்கு?

கழன்று கிடந்த தகட்டில் வாத்து மூன்று, திருகு நான்கு. “மூணாம் வகை” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான் தகட்டைத் திருப்பினார்.

உள்ளே இரண்டாவது கொக்கி இல்லை. விழுந்துவிட்டதா என்று பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். விழவில்லை. அங்கே அப்படி ஒன்று எப்போதும் இருந்ததே இல்லை. நான்காவது திருகு வெளியிலிருந்து உள்ளே வந்து, எதையும் தாங்காமல், அரத்தால் ராவிய சமதளத்தோடு அப்படியே முடிந்தது. விஷயம் இதுதான்: தகடு புதிதாக வந்துவிட்டது, ஓட்டையும் போட்டாகிவிட்டது, கொக்கி மட்டும் தயாராகவில்லை. ஆலைக்காரர்கள் வேலையை நிறுத்த மனமில்லாமல் ஓட்டையை ஒரு பொய்த் திருகால் அடைத்து அனுப்பிவிட்டார்கள். எத்தனை துப்பாக்கியோ, எத்தனை வாரமோ. வெளியே மூன்றாம் வகை, உள்ளே இரண்டாம் வகை. இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு வகை இருப்பதாக அவர் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

வேறொரு நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். புது வகை கண்டுபிடிப்பது என்றால் இந்தத் தொழிலில் சும்மாவா? ஆனால் அவர் கை துருவைத் துடைத்து எண்ணைப் படித்தது. 41402.

“என்ன சார், பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டீங்க?” என்றார் ஏலக்காரர்.

“ஒண்ணுமில்ல. உதிரிக்குக்கூட ஆகாது, தூக்கிப் போட்டுருங்க” என்றார் லென்சு. அது பொய். தொழிலில் தெரிந்தே அவர் சொன்ன முதல் பொய்.

ஏனென்றால் அவருக்கு இன்னொரு எண் தெரியும். 41386. இதற்குப் பதினாறு துப்பாக்கி முன்னால் அதே ஆலையிலிருந்து வெளியே வந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் கோர்ட்டில், வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசைமேல் அதை அவர் முன்னால் வைத்தார்கள்.

அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன்காரர் டயர்க் கடை வைத்திருந்தார். தம்பிக்காரர் பஸ் ஓட்டினார். அம்மா போன பிறகு பழைய வீட்டை விற்பதா வேண்டாமா என்று இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, நடுத்தெருவில் அண்ணன் தம்பியை ஓங்கி அறைந்தார். ஊரே பார்த்தது. ஒரு மாதம் கழித்து எப்படியோ சமாதானமாகி, இருவரும் விடிகாலையில் சதுப்பு ஏரிக்கு வாத்து சுடப் போனார்கள். துப்பாக்கிகள் இரண்டும் அண்ணனுடையவை. அண்ணன் முன்னால் படகில் ஏறி உட்கார்ந்தார். தம்பி பின்னால் ஏறினார். தம்பி கையிலிருந்த துப்பாக்கி வெடித்தது. அண்ணனின் முதுகில் பாய்ந்தது.

தம்பிக்காரர் முதல் நாளிலிருந்து ஒரே பேச்சுத்தான் பேசினார். பாதுகாப்புப் பொத்தானைப் போட்டிருந்தேன், ஏறும்போது கட்டை படகின் விளிம்பில் இடித்தது, வெடித்துவிட்டது, விசையை நான் தொடவே இல்லை. போலீஸ் ஆய்வகத்தில் ரப்பர்ச் சுத்தியால் நாலு தட்டுத் தட்டிப் பார்த்தார்கள், வெடிக்கவில்லை. திறந்து பார்க்கலாமா என்று நிபுணரைக் கேட்டார்கள். நிபுணர் யார்? நம் லென்சுதான். முப்பத்தெட்டு வயது, புத்தகம் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

“திறக்க வேண்டிய அவசியம் இல்லை. வெளியிலேயே தெரிகிறது” என்று எழுதிக் கொடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது தவளை இல்லை, இன்னொரு ஆள்.

கோர்ட்டில் கேட்டார்கள். “விசையை அழுத்தாமல் இந்தத் துப்பாக்கி வெடிக்குமா?”

“வெடிக்காது. இது மூன்றாம் வகை. நான்காவது திருகைப் பாருங்கள். இடித்தாலும் விழுந்தாலும் உள்ளே இரண்டாவது கொக்கி பிடித்துக்கொள்ளும். ஒரு விரல் அழுத்தினால்தான் இது வெடிக்கும்.”

“உறுதியாகச் சொல்கிறீர்களா?”

“உறுதியாக.”

மொத்தம் ஏழு நிமிஷம். தம்பிக்காரரின் வக்கீல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. லென்சு கூண்டிலிருந்து இறங்கி வெளியே போய் நிம்மதியாக ஒரு டீ குடித்தார். தம்பிக்காரருக்குப் பதினான்கு வருஷம்.

சாக்கு மூட்டை வந்த நாளுக்கு அப்புறம் லென்சு வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். வெளியே திருகு நான்கு. உள்ளே ஒன்றுமில்லை. பஸ் டிக்கெட்டில் கடைசி மூன்று எண் 386 என்று வந்தால் கிழித்துப் போட்டார். வீட்டுத் தண்ணீர் மீட்டரை ஒரு நாள் பார்த்துவிட்டு அதன்மேல் சாக்கைப் போட்டு மூடினார். கதவுத் தாழ்ப்பாள் ‘டக்’ என்றால் தோள் தூக்கிப் போட்டது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, அந்தத் தம்பிக்காரரின் முகம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. துப்பாக்கி வந்தது. குழலில் இடது பக்கம் இருந்த கீறல், கட்டையில் நகம் அளவு சிராய்ப்பு, மூன்றாவது வாத்தின் வால் கொஞ்சம் தேய்ந்திருந்தது, எல்லாம் வந்தது. கூண்டில் நின்ற ஆளுக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை. ஏழு நிமிஷமும் துப்பாக்கியைத்தான் பார்த்திருக்கிறார், ஆளை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. பொய் சொல்லுவானேன், ரொம்பவே தோன்றியது. அந்த ஆள் தண்டனையை முடித்து வெளியே வந்து ஐந்து வருஷமாகிறது என்று கேள்விப்பட்டிருந்தார். போனது போனதுதான், கிளறி யாருக்கு என்ன லாபம் என்று மனம் ஒரு பக்கம் நைச்சியமாகப் பேசியது. மனதுக்கென்ன, அதுவும் ஒரு வக்கீல்தான்.

ஒரு மத்தியானம் மனைவி கடைக்குப் போய்விட்டு வந்தபோது வீடு கோலம் மாறிக் கிடந்தது. கூடத்து ஸ்விட்ச் போர்டு கழன்று ஒயரில் தொங்கியது. சுவர்க்கடிகாரம் குப்புறக் கிடந்தது. ரேடியோவின் முதுகு திறந்திருந்தது. நடுவில் லென்சு, வாழ்நாளில் தொடாத திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, கழற்றிய திருகுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னங்க இது? வீட்டுல இருக்குற போர்டெல்லாம் பல்ல இளிச்சுக்கிட்டு நிக்குது! என்னத்த தேடுறீங்க?”

“ஒவ்வொரு திருகுக்கும் பின்னாடி ஏதாவது இருக்கான்னு பாக்குறேன்.”

அந்த அம்மா பையைக் கீழே வைத்தார். முப்பது வருஷம் பிறர் குரலைக் கேட்டவருக்குக் குரலில் என்ன இருக்கிறது என்று தெரியும். கிட்டே உட்கார்ந்து, “சொல்லுங்க” என்றார். அவர் சொன்னார். பதினாறு நம்பர் வித்தியாசத்தைச் சொல்லும்போது அழுதுவிட்டார்.

“நான் ஒரு மனுஷனோட பதினாலு வருஷத்தத் தின்னுட்டேன்” என்றார்.

“சரி, அந்தத் துப்பாக்கியத் தெறந்து பாத்தீங்களா?”

“இல்ல. ஆனா நம்பர் அவ்வளவு பக்கத்துல இருக்கு, கட்டாயம் அப்படித்தான்…”

“அன்னைக்கும் பாக்காமத்தான் சொன்னீங்க. இன்னைக்கும் பாக்காமத்தான் சொல்றீங்க” என்றார் மனைவி. “போய்ப் பாருங்க. அதுக்கு முன்னாடி என் கடிகாரத்த மாட்டிட்டுப் போங்க.”

துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வழக்கு முடிந்ததும் சொந்தக்காரரின் வாரிசு என்று அண்ணன் மனைவியிடமே அதைக் கொடுத்துவிட்டார்கள். அவர் அதே டயர்க் கடையின் மாடியில் இருந்தார். கடையை இப்போது வேறு யாரோ நடத்தினார்கள். மாடிப்படியெல்லாம் ரப்பர் வாசனை. கதவைத் திறந்ததும் அவர் லென்சின் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார்.

“நீங்க கோர்ட்டுல பேசினவரு.”

“ஆமாம்மா. அந்தத் துப்பாக்கிய ஒரு தடவ பாக்கணும்.”

எதற்கு என்று கேட்பார் என்று எதிர்பார்த்தார். அந்த அம்மா கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, நாற்காலி போட்டு ஏறி, அலமாரியின் மேலிருந்து பழைய போர்வையில் சுற்றியிருந்ததை இறக்கினார்.

“குழல அடைச்சுக் குடுத்தாங்க. சுட முடியாது. வீசவும் மனசு வரல, வச்சுக்கவும் முடியல. அங்கயே கெடக்கு” என்றார்.

லென்சு போர்வையைப் பிரித்தார். மூன்று வாத்து, நான்கு திருகு, தேய்ந்த வால். திருப்புளியை வெட்டில் வைத்தார். நூறு வருஷமாக யாரும் தொடாத திருகு லேசில் அசையுமா? ஒரு தடவை வழுக்கித் தகட்டில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. இன்னொருவர் செய்திருந்தால் லென்சு கொலைவெறியோடு பார்த்திருப்பார். அன்று அதைக் கவனிக்கக்கூட இல்லை. தகடு கையோடு வந்தது. திருப்பினார்.

நான்காவது திருகு எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

தகட்டை மறுபடி பொருத்தி, துப்பாக்கியை மடக்கி நிமிர்த்தினார். உள்ளே குதிரை பின்னால் போய் நின்றது. பாதுகாப்புப் பொத்தானைப் போட்டார். விசையிலிருந்து கையை நன்றாக விலக்கி, படுக்கை வாட்டில் பிடித்து, கட்டையை ஸ்டூலின் விளிம்பில் இடித்தார். ஒன்றுமில்லை. மறுபடி இடித்தார். ஆறு தடவை. ஒன்றுமில்லை. “என்ன பண்றீங்க?” என்றார் அந்த அம்மா. ஏழாவது தடவை, ஆள் படகில் ஏறும்போது சாய்வது போலக் கொஞ்சம் சாய்த்து இடித்தார்.

டக்.

சத்தம் பெரிதில்லை.

“நீங்க அழுத்தலயே” என்றார் அந்த அம்மா.

“இல்லம்மா.”

“பொத்தான் போட்டிருக்கா?”

“போட்டிருக்கு. அது விசைய மட்டும்தான் கட்டும். உள்ள இருக்குறதக் கட்டாது. அதக் கட்ட ஒரு கொக்கி இருக்குன்னு நான் கோர்ட்டுல சொன்னேன். இல்ல.”

“இன்னொரு தடவ பண்ணுங்க.”

பண்ணினார். அப்புறம் இன்னும் மூன்று தடவை. நான்கில் இரண்டு தடவை ‘டக்’ என்றது. அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் லென்சின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேரையும் அனுப்பி வச்சதே நான்தான்” என்றார் கடைசியில். “சேந்து போயிட்டு வாங்க, மனசு லேசாகும்னு சொன்னேன். பிளாஸ்க்குல டீ போட்டுக் குடுத்தேன். கொல்ல நெனச்சவன்கூட என் புருஷன அனுப்பிட்டேனேன்னு பத்தொம்பது வருஷமா என்னையே திட்டிக்கிட்டிருக்கேன். ஜெயில்ல இருந்து வந்த அன்னைக்குக் கீழ தெருவுல வந்து நின்னாரு. மேல பாத்தாரு. நான் ஜன்னல சாத்திட்டேன்.”

லென்சு தலையைக் குனிந்துகொண்டார்.

“அன்னைக்கே தெறந்து பாத்திருந்தா எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?”

“பத்து நிமிஷம்மா.”

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போர்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, “அவர வரச் சொல்லுங்க. அண்ணி கூப்பிட்டேன்னு சொல்லுங்க” என்றார். “துப்பாக்கியயும் எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.”

மறுநாள் லென்சு கோர்ட்டுக்குப் போய், தான் சொன்னது தவறு, பார்க்காமல் சொன்னது என்று நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். குமாஸ்தா அதற்கு ஒரு முத்திரை குத்தி, விசாரணைக்கு எடுக்க நாளாகும் என்றார். அங்கிருந்து துப்பாக்கியோடு, விசாரித்துக்கொண்டு, தம்பிக்காரர் வேலை செய்யும் இடத்துக்குப் போனார்.

அது ஒரு சலவை நிலையம். முன்னால் துணி வாங்கும் பலகை, பின்னால் நீளமான ஓர் அறை. கொதிநீர்க் குழாய்கள், கஞ்சி வாசனை, கூரையிலிருந்து தொங்கும் இஸ்திரிப் பெட்டி ஒயர்கள். கடைசி மேசையில் உயரமாக, கொஞ்சம் கூன் விழுந்து ஒருவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். லென்சு அவர் முகத்தைப் பார்த்தார், நன்றாகப் பார்த்தார். அதே முகம்தானா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

“ஐயா, நான்…” என்று ஆரம்பித்ததுமே அவர் நிமிர்ந்தார்.

“தெரியும் சார். உங்க குரல் எனக்குத் தெரியும்.”

லென்சு எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை. வெள்ளத்தில் வந்த துப்பாக்கி, பொய்த் திருகு, பத்து நிமிஷம், எல்லாம். தகட்டைக் கழற்றி உள்ளே காட்டினார். மாட்டி, மேசை விளிம்பில் இடித்துக் காட்டினார். மூன்றாவது தடவை ‘டக்’ என்றது. தம்பிக்காரரின் உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கியது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்துட்டேன், நான் சொன்னது தப்புன்னு” என்றார் லென்சு. “உங்க கால்ல விழுந்தாலும் தகாது. நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் உண்ம.”

“நான் என்ன சொன்னேன்?”

“படகுல இடிச்சுது, வெடிச்சுது, விசையத் தொடலன்னு.”

“அதுவா?” என்றார் அவர். யாரோ ஒரு தூரத்து உறவுக்காரரைப் பற்றி விசாரித்தது போல இருந்தது. “இல்ல சார். நான் அழுத்தினேன்.”

லென்சு துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்.

“மொத மூணு நாலு வருஷம் இல்ல இல்லன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். அப்புறம் உக்காந்து யோசிச்சேன். அங்க யோசிக்கத்தான நேரம்? இவ்வளவு தெரிஞ்ச மனுஷன், எனக்கும் அவருக்கும் ஒரு பகையும் இல்ல, அவரு எதுக்குப் பொய் சொல்லணும்? அவரு சொல்றது சரின்னா நான் அழுத்தியிருக்கணும். எப்படி அழுத்தியிருப்பேன்னு தெனம் நெனச்சுப் பாத்தேன். ஒரு நாள் ஞாபகம் வந்துருச்சு. குளிர்ல வெரல் மரத்துப் போயிருக்கு. இரும்பு ஜில்லுனு இருக்கு. அண்ணன் முதுகு தெரியுது. தெருவுல அறைஞ்சது ஞாபகம் வருது. மெதுவா இழுக்குறேன். அவ்வளவும் தெளிவா இருக்கு சார், இப்பக் கண்ண மூடினாலும் வரும். படகுல இடிச்சதுதான் சரியா ஞாபகம் இல்ல.”

“அது ஞாபகம் இல்லைங்க. அது நான் சொன்னது. நான் சொன்னதுதான் உங்களுக்குள்ள போயிருச்சு” என்றார் லென்சு. “அண்ணி கூப்பிட்டாங்க. வரச் சொன்னாங்க.”

தம்பிக்காரர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் முதுகுதான் தெரிந்தது. பிறகு திரும்பி வந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு, லென்சுக்கு நேர் எதிரே நின்றார். கைகளில் ஆவி பட்டுத் தோல் வெளுத்திருந்தது.

“அண்ணியா கூப்பிட்டாங்க?”

“ஆமா.”

“அங்க அண்ணன் படம் மாட்டியிருப்பாங்க. அதுக்கு முன்னாடி நான் எப்படிப் போய் நிப்பேன், இத வச்சுக்கிட்டு?” என்று வலது கையின் விரலைத் தூக்கிக் காட்டினார். “ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க சார். அது தானா வெடிக்கும்னு காட்டிட்டீங்க. சரி. அன்னைக்கும் தானாத்தான் வெடிச்சுதா? நான் அழுத்தலயா? உறுதியா சொல்லுங்க. போறேன்.”

லென்சுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இந்தத் துப்பாக்கி விசையைத் தொடாமலும் வெடிக்கும். அன்று விடிகாலையில் அப்படித்தான் வெடித்ததா என்பதை எந்தத் திருகைக் கழற்றினாலும் பார்க்க முடியாது. கோர்ட்டுக்கு எழுதிய நாலு பக்கத்திலும் ‘வாய்ப்பு உண்டு’ என்றுதான் எழுதியிருந்தார். நேர்மையான நிபுணர் அதற்கு மேல் ஒரு சொல் சொல்லக்கூடாது. ஆனால் எதிரே நிற்கிறவருக்கு வாய்ப்பு வேண்டாம். ‘வாய்ப்பு உண்டு’ என்பதைத் தூக்கிக்கொண்டு யார் அண்ணன் வீட்டுப் படியேற முடியும்? முதல் தடவையாக லென்சு ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

“உறுதியா” என்றார். “நீங்க அழுத்தல.”

தம்பிக்காரர் முழுதாகக் கேட்டுக்கொண்டார். முகத்தில் கோபமில்லை, குத்திக்காட்டும் எண்ணமும் இல்லை. சரிபார்க்கிற ஆள் போல ஒரு தடவை தலையசைத்தார்.

“அன்னைக்கும் இதே மாதிரிதான் சார் சொன்னீங்க” என்றார். குவியலிலிருந்து அடுத்த சட்டையை எடுத்து மேசையில் விரித்தார்.